சரக்கு மாஸ்டர் உட்கார்ந்த நாள்

காங்கேயத்தில் அப்போது பேர் சொல்லும்படி இரண்டே காபி கிளப்புகள். ஒன்று சுந்தரராஜுலுவுடையது, எதிர்வரிசையில் அவருடைய மச்சினன் ராமுலுவுடையது. முதலில் கூட்டாகத்தான் நடத்தினார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் யாருக்கு முதல் இலை என்று வந்த தகராறில் பிரிந்துபோனார்கள். பாத்திரத்தைப் பங்கு போட முடிந்தது. சமையல் பார்த்த சரக்கு மாஸ்டர் வெங்கடபதியைப் பங்கு போட முடியவில்லை.

அவர் சாம்பார் எங்கே கொதிக்கிறதோ அங்கேதான் ஊர் கூடும். ராமுலு வெற்றிலைத் தட்டோடு வந்து அழைத்துப் போவார். ஆறு மாதத்தில் சுந்தரராஜுலு குதிரை வண்டி அனுப்பித் திரும்ப இழுத்துக்கொள்வார். ராமுலு கிராமபோன் வாங்கி வைத்துப் பார்த்தார்; ஜனம் தெருவில் நின்று பாட்டைக் கேட்டுவிட்டு எதிர்க்கடையில் போய் இட்லி தின்றது. கடைசியில் மேளதாளத்தோடு மாஸ்டரை ஊர்வலமாகவே கொண்டுபோனார். தெருவே சிரித்தது. மாலையும் கழுத்துமாய் வண்டியில் போன வெங்கடபதிக்கு அலுப்பாக இருந்தது. அங்கேயும் இதே புகைதானே.

பதினெட்டு வருஷமாக நின்றே வேலை. முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. சாப்பாடுகூட அடுப்போரம் நின்ற வாக்கில் இரண்டு வாய்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் தைப்பூசத்தன்று சிவன்மலைத் தேருக்கு வண்டி வண்டியாக ஜனம் வந்திறங்கியது. சுந்தரராஜுலு பின்வாசல் வழியாக ராமுலுவின் சமையல்கட்டுக்குள் நுழைந்து மாஸ்டரின் கையைப் பிடித்தார்.

"வாங்க மாஸ்டர். அங்க கூட்டம் தெருவுல நிக்குதுங்க."

ராமுலு ஓடிவந்து மறுகையைப் பற்றினார். "யாரக் கேட்டு உள்ள வந்தீங்க மாமா?"

இழுத்த இழுப்பில் கரண்டி நழுவி, கொதிக்கும் சாம்பார் வெங்கடபதியின் காலில் தெறித்தது. இரண்டு பேரும் பதறிக் குனிந்து பார்த்தது சாம்பார் அண்டாவைத்தான்.

வெங்கடபதி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நொண்டியபடி தெருக்கோடியில் இருந்த அப்துல் மஜீதின் சாப்பாட்டுக் கடைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார்.

மஜீத் காலைப் பார்த்துவிட்டுத் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து தடவினார். "ஏனுங்க மாஸ்டர், சாப்டீங்களா?"

வெங்கடபதி இல்லையென்று தலையசைத்தார். இலை போட்டு, இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வந்தன. அதற்குள் முதலாளிகள் இருவரும் வாசலில் வந்து நின்று கத்தினார்கள்.

மஜீத் குறுக்கே நின்றார். "இப்ப அவரு மாஸ்டரில்லீங்க, என்ற கடைக்குச் சாப்பிட வந்தவரு. சித்த பொறுங்க."

வெங்கடபதி நிதானமாகச் சாப்பிட்டார். கையலம்பிவிட்டு, "ஊட்டுக்குப் போறனுங்க," என்று மட்டும் சொல்லிப்போட்டு நடந்தார். மனைவி ராமாமணி விரித்த பாயில் படுத்தவர் மறுநாள்தான் எழுந்தார்.

மாஸ்டர் கிளம்பிப்போன அன்று இரண்டு கடையிலும் சாம்பார் வாயில் வைக்க முடியாமல் போய், தேர்க்கூட்டம் முழுவதும் மஜீத் கடையில் மொய்த்தது.

மூன்றாம் நாள் மாமனும் மச்சினனும் ஒன்றாக வந்து, மறுபடி கூட்டாகவே நடத்துவதாகச் சொன்னார்கள்.

"கை ஒத்தாசைக்கு இன்னொரு ஆளு போடுங்க. அடுப்புக்கிட்ட எனக்கொரு முக்காலி வேணும்," என்றார் வெங்கடபதி.

இருவரும் தலையாட்டினார்கள். முக்காலியும் வந்தது, ஆளும் வந்தான். முழங்கால் வலி மட்டும் போகவே இல்லை.