தொண்டையின் நடுவே ஓர் ஒட்டுத் தையல்

தையற்காரியின் மகளுக்குப் பிறவியிலேயே வாயின் மேற்கூரையான அண்ணம் பிளந்திருந்தது. கைக்குழந்தையாக இருந்தபோதே அதைத் தைத்துச் சேர்த்துவிட்டார்கள். ஆயினும், ஏழு வயதாகியும் அவள் பேச்சில் பாதி மூக்கு வழியே ஓடிவிடும். கேட்பவர் திருதிருவென்று விழிப்பதற்குள் தாயே அதைத் திருப்பிச் சொல்லிவிடுவாள். நாளடைவில், வீட்டில் அத்தனை வாயடிக்கும் வாலு, வெளியில் வாய் திறப்பதையே விட்டுவிட்டாள்.

அதுவே இப்போது முட்டுக்கட்டையாயிற்று. பேசும்போது தொண்டை எவ்விடத்தில் மூடாமல் நிற்கிறது என்று கண்ணால் கண்டாலொழிய, எந்த அறுவை சிகிச்சை பொருந்தும் என்று முடிவு செய்ய இயலாது என்றார் மருத்துவர் அம்மையார். மெல்லிய கேமராக் குழாய் மூக்கினுள் சென்றது. வாலு இறுக வாய் மூடியிருந்தாள்.

"எங்கே, 'பாப்பா' சொல்லு கண்ணு."

"பாப்பா," என்றாள் தாய், பழக்க தோஷத்தால்.

"உங்க தொண்டை நல்லாத்தான் இருக்கும்மா. எனக்கு அவ தொண்டைதான் வேணும்."

தாய் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மருத்துவர் அவசரப்படவில்லை, திரையைச் சிறுமியின் பக்கம் திருப்பினார்.

"இதான் உன் தொண்டைக் கதவு. நீ பேசுறப்போ மூடணும். சரியான சோம்பேறி. நீயே அதட்டிப் பாரு."

வாலு திரையை முறைத்தாள். "சாத்து," என்றாள். செக்கச் சிவந்த சதை அசைந்தது, மூடவில்லை. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கதவைச் சாத்து. சொன்னாக் கேக்க மாட்டே?" என்று விடாமல் திட்டித் தீர்த்தாள்.

அவ்வளவும் மருத்துவருக்குப் போதுமானதாக இருந்தது. "பக்கச் சுவர் ரெண்டும் நல்லா நெருங்கி வருது. நடுவுலதான் இடைவெளி. பின்சுவத்துலேருந்து ஒரு சதைப் பட்டையை எடுத்து அண்ணத்தோட தைச்சிடலாம். ரெண்டு பக்கமும் மூச்சுக்கு வழி விட்டுடுவோம்."

தையற்காரி மலைத்துப்போனாள். குறைந்த இடத்துக்கு அதே துணியிலிருந்து எடுத்து ஒட்டுப்போடுவது அவளுக்கும் கைவந்த வேலைதான். ஆனால், மூச்சுக்கு இடம் விட்டுத் தைக்கும் கணக்கு யாருக்கு வரும்?

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. அதன்பின் மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி. அதுவும் ஒருவாறு நிறைவேறிய பிறகு, இருவரும் பட்டன் கடைக்குச் சென்றனர்.

"மாமா, கறுப்புப் பட்டன் பத்து குடுங்க," என்றாள் வாலு.

"கறுப்புப் பட்டன் பத்து," என்றாள் தாய்.

கடைக்காரர் இருபது பட்டன்களை எடுத்து வைத்தார்.

"இருபது எதுக்குண்ணே?"

"பாப்பா பத்து கேட்டுது, நீங்க பத்து கேட்டீங்களே."

மகள் பத்தை எண்ணித் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மிச்சத்தைத் தள்ளினாள்.

"அம்மாவுக்கு வேணாமாம், மாமா."