கெட்டி ஆயில்

அரிகரன் எரிச்சலில் காரின் பானட்டை அறைந்து சாத்தினான். போன மாதம்தான் டைமிங் செயினையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் மாற்றினான். சில நாள் அமைதி. அப்புறம் காலையில் சாவியைத் திருகினால், ஆணி டப்பாவைக் குலுக்குவதுபோல அதே கடகட சத்தம். சூடானதும் சாதுவாகிவிடும். அந்த வேலையைப் பார்த்த வில்லியனூர் மெக்கானிக் இன்னாசிமுத்துவிடம் ஓட்டிப்போனால் மூச்சே விடாது.

மனைவி மகாலட்சுமிக்கு மாதம் நிறைந்துவிட்டது. பண்டசோழநல்லூரிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக இந்தப் பழைய கார்தான். செயின் பல்சக்கரத்திலிருந்து நழுவினால் நடுவழியில் நின்றுவிடும் என்ற பயம் அவன் தூக்கத்தைக் கெடுத்தது.

ஞாயிறு காலை இன்னாசிமுத்துவை வீட்டுக்கே வரவழைத்தான். சத்தத்தைக் கேட்டதும் அவர் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவி விரலில் தேய்த்தார்.

"இன்னாபா இது, கூழு மாதிரி? நான் ஊத்தனது இது இல்லியே. வண்டி ஆறிக் கெடக்கறப்ப இது மெதுவா ஏறிப் போயி டென்ஷனரத் தள்றதுக்குள்ள செயினு ஆடத்தான் செய்யும்."

கொட்டகையிலிருந்து அப்பா சாமிநாதன் கேனோடு வந்தார். "நான்தான் மாத்துனேன். புள்ளத்தாச்சி போற வண்டி, தண்ணியாட்டம் ஆயில் இருந்துச்சி. டிராக்டருக்கு ஊத்தற நல்ல ஆயிலா ஊத்துனேன்."

"ஒரு வார்த்த கேக்க மாட்டியாப்பா? ஒவ்வொரு காலையும் செத்துப் பொழச்சேனே!" அரிகரன் கத்தினான். அப்பா கேனைக் கீழே வைக்காமல் நின்றார்.

இன்னாசிமுத்து காருக்கு அடியில் படுத்து ஆயிலை வடிக்கும் நட்டைக் கழற்றினார். சிமெண்ட் ஒட்டிய பாண்டுச் சட்டியில் ஆயில் முழுதும் வடிந்தது. புது ஆயில் வாங்க அவர் பைக்கை எடுக்கும்போது உள்ளேயிருந்து மகாலட்சுமி அலறினாள்.

"ஏங்க, வலி எடுத்துடிச்சிங்க!"

அரிகரன் பதறிப்போய்ப் போன் போட்டான். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். முகூர்த்த நாள், ஊரிலிருந்த வாடகைக் கார்கள் எல்லாம் கல்யாணத்துக்குப் போயிருந்தன. ஆயில் வாங்க வில்லியனூர் போய்வர நேரமில்லை.

"கேன்ல மீதி இருக்கறத ஊத்து. சூடானா அடங்கிடும், அதுவரைக்கும் ஆக்சிலேட்டர அமுக்காத," என்றபடி இன்னாசிமுத்து நட்டை முடுக்கினார்.

அரிகரன் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினான். "கேனக் குடுப்பா."

அவர் கொடுக்கவில்லை. தானே ஊற்றினார்.

மகாலட்சுமியைப் பின்சீட்டில் ஏற்றிச் சாவியைத் திருகினான். கடகடவென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். சத்தம் அடங்கியது. அப்பா இன்னும் காலிக் கேனோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாப்பா நிக்கிற? ஏறு, நேரமாவுது."