இரண்டாம் கியரில் ஒரு வேன்

மாமனாருடைய வேனைப் பழுது பார்ப்பதற்குப் புலிக்குப் பல் தேய்த்துவிடலாம் என்று மருமகள் அக்கம்பக்கத்தில் சொல்வதுண்டு. அவர் இருக்கும்போது சொன்னதில்லை.

அவள் மெக்கானிக். வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகைதான் பட்டறை. அவர் வருஷக்கணக்காகப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர். அந்தக் கிழட்டு வேன்தான் இப்போது பட்டறை நடுவில் நின்று, விட்டு விட்டு இருமி, பின்னால் நீலப் புகையைத் தள்ளிக்கொண்டிருந்தது.

“பெட்ரோல்ல கலப்படம்மா,” என்றார். “திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்குது. பிள்ளைங்களை ஏத்தணும்.”

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். “நீலப் புகைன்னா ஆயில் எரியுது மாமா. பெட்ரோல் மேல பழியைப் போடாதீங்க.”

வாய் தைரியமாகத்தான் பேசியது. மனசு அப்படி இல்லை. போன வருஷம்தான் இதே எஞ்சினைப் பிரித்து, பிஸ்டன் ரிங் எல்லாம் மாற்றிப் பூட்டியிருந்தாள். அதற்குள் ஆயில் எரிகிறது என்றால் கோளாறு எஞ்சினிலா, தன் கையிலா? பொம்பளைப் பட்டறை என்று உதட்டைப் பிதுக்கிய தெருவுக்கு இது ஒன்று போதும்.

எஞ்சினை ஓடவிட்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினாள். உழைக்கிற சிலிண்டரின் வயரைப் பிடுங்கினால் எஞ்சின் சத்தம் தடுமாறி இறங்கும். சோம்பேறிச் சிலிண்டர் என்றால் ஒரு மாற்றமும் இருக்காது. மூன்றாவதைப் பிடுங்கியபோது வேன் தன் பாட்டுக்கு இருமிக்கொண்டிருந்தது.

“கேட்டீங்களா மாமா? இதுதான்.”

அவர் தலையை ஆட்டினார். நன்றாக இருந்த இரண்டாவதுக்கும் அப்படியேதான் ஆட்டியிருந்தார். மனுஷனுக்கு அவசரம் என்று அவள் விட்டுவிட்டாள்.

மூன்றாவது பிளக் எண்ணெயில் குளித்திருந்தது. அழுத்தம் அளந்தால் அதுவும் குறைவு. ரிங் தேய்ந்துபோயிருந்தது. புதுப் பிளக் போட்டதும் இருமல் நின்றது, புகை நிற்கவில்லை. அது நிற்காது என்று அவளுக்குத் தெரியும். ஏன் தேய்ந்தது என்பதுதான் தெரியவில்லை.

“ஒரு சுத்துப் போய்ட்டு வரலாம். நீங்களே ஓட்டுங்க.”

முதல் கியர், இரண்டாம் கியர். அத்தோடு சரி. தெரு முடிந்து பெரிய ரோடு வந்தும் மூன்றாவது வரவில்லை. எஞ்சின் வேகம் காட்டும் முள் அந்த வேனில் கிடையாது, சத்தத்தை வைத்துத்தான் கியர் மாற்ற வேண்டும். எஞ்சின் அலறியது. தினமும் இப்படி அலறவிட்டால் எந்த ரிங்கும் தேயும். அவர் முகமோ தூங்கி எழுந்தவர் முகம் மாதிரி சாந்தமாக இருந்தது.

“மூணாவது போடுங்க மாமா.”

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவும் சொன்னாள். பதில் இல்லை.

முதலில் அவளுக்கு வந்தது நிம்மதிதான், தப்பு தன் கையில் இல்லை என்று. அடுத்த நொடி அந்த நிம்மதியை நினைத்தே வெட்கமாகப் போய்விட்டது. மெல்ல அவர் தோளைத் தொட்டாள். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்தார். வேனை ஓரங்கட்டி நிறுத்தினார்.

“கண்டுபிடிச்சிட்டியா,” என்றார்.

“எவ்வளவு நாளா மாமா?”

“ஒரு வருஷம் இருக்கும். எதிர்ல நின்னு பேசினா வாயைப் பார்த்தே சமாளிச்சிடுவேன்.”

“வீட்டுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா வண்டியை வாங்கி வெச்சுக்குவீங்க. அப்புறம் நான் எங்கே போவேன், சுவரைப் பார்த்து உட்காரவா?”

வாங்கித்தான் வைத்திருப்பார்கள்.

அவர் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே சொன்னார்: “லீவு விட்ட அன்னிக்கு ஒரு குட்டிப் பொண்ணு பின்னாடி வாயைத் திறந்து திறந்து மூடுறா, கண்ணாடியில தெரியுது. பாடுறான்னு நினைச்சு நானும் சிரிச்சேன். பள்ளிக்கூடத்துல இறக்கும்போதுதான் பார்த்தேன். கதவு திறந்தே கிடந்திருக்கு.”

அவள் திரும்பிப் பின்பக்கக் கதவைப் பார்த்தாள்.

அவர் இறங்கினார். வேனைச் சுற்றி வந்து அவள் பக்கக் கதவைத் திறந்து, அவளை நகரச் சொல்லிக் கைகாட்டினார். அவள் டிரைவர் சீட்டுக்கு மாறி வண்டியைக் கிளப்பினாள். இரண்டு, மூன்று, நான்கு என்று கியர் ஏறியது.

“இப்போ சத்தம் எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டார். பதிலுக்காக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.