கல்லறைமேல் இரண்டு கொய்யா

அப்பா இறந்து ஏழு மணி நேரம் ஆகியிருந்தது. ஜூடித் கொய்யா பறித்துக்கொண்டிருந்தாள்.

கூடை நிறைய வேண்டும். இந்த வீட்டுச் சாவுக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்பது கிரேஸ் மிஸ் வைத்த வழக்கம். ஒயிட்ஃபீல்டுக்கு அப்பால் இந்த மேட்டில் குடியேறிப் பழத்தோட்டம் போட்ட ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் கடைசியாக எஞ்சியவர் அவர். மற்றவர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது அவர் போகவில்லை. தோட்டத்தை அப்பாவின் பெயருக்கு எழுதிவைத்துவிட்டு இறந்தார். இப்போது மூன்று பக்கமும் அபார்ட்மெண்ட்.

"சாவு வீட்ல பழம் வாங்கினு போனா எங்கம்மா என்ன வாசல்லயே நிக்க வெச்சிடும்," என்றான் விக்கி. மாமா மகன், பொம்மனஹள்ளியிலிருந்து வந்திருந்தான். சொல்லிவிட்டு ஒன்றைக் கடித்தான். "ஆனா சும்மா சொல்லக் கூடாது ஜூடி. சக்கர."

"என்ன ரொம்ப தூரம் தூக்கினு போவாதீங்க," என்று அப்பா ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார். தோட்டத்துக்கும் கல்லறைகளுக்கும் நடுவே ஒரு சுவர்தான். ஆனால் அங்கே புது இடம் கிடையாது. சொந்தக்காரர் கல்லறை இருந்தால் அதைத் திறந்து அதிலேயே புதைக்கலாம். இல்லாவிட்டால் தொலைவில் ஓசூர் ரோடு கல்லறைத் தோட்டம்தான்.

சர்ச் முடிந்து கல்லறைக் கமிட்டி செக்ரட்டரி டென்சில் வந்தார். ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடியைத் தொட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"பிராப்ளமே இல்லம்மா. கிரேஸ் மிஸ் கல்லறையத் தொறந்துடலாம். உங்கப்பா ஹெர்பர்ட்டுக்கு அத்தை முறைதானே? சண்டே தவறாம ரெண்டு கொய்யா வெப்பானே. சொந்தம்னு நீ ஒரு வார்த்த சொன்னா போதும். ஆளுங்க கடப்பாரையோட நிக்கிறாங்க."

ஒன்று மிஸ்ஸுக்கு, ஒன்று அணிலுக்கு என்பார் அப்பா.

ஜூடித் அம்மாவைப் பார்த்தாள். கோமளம் தலைமாட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சொந்தம் என்று சொல்லிவிடலாம். யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் கிரேஸ் மிஸ்ஸிடமிருந்து எல்லாவற்றையும் வாங்கியாயிற்று. உறவையும் பொய்யாக எடுத்துக்கொள்ள வாய் வரவில்லை.

"அத்தை இல்ல அங்கிள்." குரல் சின்னதாக வந்தது. "எங்க பாட்டி ரோசம்மா அவங்க வீட்ல மாடு பாத்துக்கிட்டாங்க. அவ்ளோதான். அவங்க குடுத்ததுலதான் நாங்க சாப்ட்டோம். நான் படிச்சேன். அதுக்குத்தான் அப்பா பழம் வெச்சாரு."

விக்கி மெல்லுவதை நிறுத்தினான். "அய்யோ, ஜூடி."

டென்சில் தொப்பியைக் கையில் சுற்றினார். "உங்க பாட்டி கல்லறையாவது இருந்தா..."

"எங்கன்னு தெரியாது அங்கிள். கேட்டா, பக்கத்துலதான்னு சொல்வாரு."

"உள்ள இருக்காதும்மா. அப்பல்லாம் வேலைக்காரங்கள செவுத்துக்கு வெளியதான் பொதைப்பாங்க." அவர் பெருமூச்சு விட்டார். "நான் என்ன பண்றது, சொல்லு. ரூல்ஸ் ஒண்ணுதான்."

கிளம்பினார். ஜூடித் கூடையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இன்னொண்ணும் குடு."

அம்மாதான். காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை. எழுந்து வந்தாள்.

"சார், ரெண்டையும் கொண்டுபோய் மிஸ் கல்லற மேல வெச்சிடுங்க. இன்னிக்கு சண்டே. அவரால முடியல."

"ஒரு ஆளுக்கு எதுக்கு அத்தை ரெண்டு?" என்றான் விக்கி.

கோமளம் இரண்டாவது பழத்தைப் புடவைத் தலைப்பால் நிதானமாகத் துடைத்தாள்.

"ரோசம்மா என்கூடத்தான்னு மிஸ் சாகும்போதே சொல்லிட்டாங்க. ரோசம்மா செத்த அன்னிக்கு நல்ல மழ. கல்லறத் தோட்டத்துல ஒரு ஈ காக்கா இல்ல. அவரும் நானும்தான் மிஸ் கல்லறையத் தொறந்து அவங்கள உள்ள வெச்சோம். தெரிஞ்சா வெளிய எடுத்துடுவாங்களேன்னு இத்தன வருஷமா வாயத் தொறக்கல."

பழத்தை டென்சிலின் கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

"என் மாமியார் அங்கதான் இருக்காங்க, சார். மிஸ் பக்கத்துல."