கரடியைத் தூங்க வைத்தவர்கள்

"ஏங்க, இந்த ஸ்க்ரூவைக் கொஞ்சம் டைட் பண்ணிக் குடுங்களேன். குனிஞ்சாலே கண்ணாடி மூக்கை விட்டு ஓடுது."

"சாயங்காலம் பார்த்துக்கலாம். கடைக்கு நேரமாச்சு."

"ஊர்ல இருக்கற போனுக்கெல்லாம் ஸ்க்ரூ போடற கை. பொண்டாட்டி மூக்குன்னா மட்டும் சாயங்காலம்."

"கடைக்கு வந்து டோக்கன் வாங்கிக்கோ. வரிசையா கூப்பிடறேன்" என்றார் அவர்.

அவள் சிரித்துக்கொண்டே புறங்கையால் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். அன்று மூன்றாவது பீரியட் முடிந்து ஆசிரியர் அறை மேசையில் தலை சாய்த்தவள் நிமிரவேயில்லை. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். கண்ணாடியை ஒரு காகித உறையில் போட்டு அவர் கையில் கொடுத்தார்கள்.

மூன்று வாரம் கழித்து அவர் மொபைல் ரிப்பேர் கடையைத் திறந்த அன்றே டிராயிங் டீச்சர் வந்து நின்றாள். சின்னப் பெண். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், நன்றாக இருந்த தன் போனையே எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"சார், டீச்சர் போட்ட நாடகத்தை நிறுத்திடலாம்னு ஹெச்.எம். சொல்றாங்க. பசங்களுக்குப் பாதி ஞாபகம் இருக்கு. மறந்தா எடுத்துக் குடுக்க ஆள் இல்லை. எங்களுக்கு அந்த மொழி தெரியாதே. டீச்சர் வீட்ல எங்கயாவது எழுதி வெச்சிருப்பாங்களா?"

எழுதியிருக்க மாட்டாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வெளிநாட்டு மொழியைச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. வருடக் கடைசியில் அந்த மொழியிலேயே ஒரு நாடகம் போடுவாள். அதற்கு அவள் வைத்திருந்த சட்டம் ஒன்றுதான்: நாடகம் முடியும்வரை ஓர் எழுத்துகூடத் தாளில் இருக்கக்கூடாது. எழுத்தைக் காட்டினால் காது சோம்பேறியாகிவிடும் என்பாள். அவள் சொல்வாள், பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். அவ்வளவுதான்.

"எழுதினது இல்லம்மா. ஆனா எனக்கு மனப்பாடம்" என்றார்.

"உங்களுக்கு அந்த மொழி தெரியுமா சார்?"

"ஒரு எழுத்து தெரியாது. நாலு மாசமா எங்க வீட்டு அடுக்களையில தினமும் இந்த நாடகந்தான். வெங்காயம் நறுக்கறப்ப அணில் பேசும். மூணாவது விசிலுக்கு யானை வரும்."

டிராயிங் டீச்சர் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக உடனே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டாள். "சிரிம்மா, பரவால்ல" என்றார் அவர்.

தினமும் மூன்று மணிக்குக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பள்ளிக்கூடம் போனார். வகுப்பில் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். கதை எளிதுதான். குளிர்காலம் வந்தும் தூங்க மறந்துபோன கரடியிடம் ஒவ்வொரு மிருகமாக வந்து, "நீ இன்னும் தூங்கலையா?" என்று கேட்கும். கடைசியில் கரடி தூங்கிவிடும். வகுப்பிலேயே ஒல்லியான பையனுக்குத்தான் கரடி வேஷம். அவனைக் 'குண்டூசி' என்று கூப்பிட்டார்கள்.

"டீச்சர் மாமா, உங்களுக்கு எல்லா மிருகமும் பேச வருமா?" என்று கேட்டாள் அணில்.

"கடைசியா கரடி பேசறது மட்டும் தெரியாது. அதுக்குள்ள உங்க டீச்சர் அடுப்பை அணைச்சிட்டு, சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டுடுவா."

"அது எனக்குத் தெரியும்" என்றான் குண்டூசி, பெரிய மனிதன் மாதிரி.

அணில் ஆரம்பித்தாள். வசனத்தின் நடுவில் ஒரு கணம் நிறுத்தி, புறங்கையால் மூக்குத்தண்டை மேலே தள்ளிவிட்டு, மீதியைச் சொன்னாள். அடுத்து வந்த முயலும் அதே இடத்தில் மூக்கைத் தள்ளியது. யானை, அட்டைத் தும்பிக்கையை ஒதுக்கிவிட்டுத் தள்ளியது. ஒருவர் மூக்கிலும் கண்ணாடி இல்லை.

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அடுக்களையிலிருந்து அவருக்கு வந்தது குரல் மட்டுந்தான். பிள்ளைகள் அவளைப் பார்த்துக்கொண்டே கற்றிருக்கிறார்கள். அப்படியென்றால் ஸ்க்ரூ எத்தனை மாதமாகக் கழன்றிருந்தது? அந்தக் காலையில் அவள் கேட்டது முதல் தடவை இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

நாடகத்துக்கு இரண்டு நாள் முன்பு ஒத்திகை பார்க்க வந்த ஹெச்.எம். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"எல்லாரும் எதுக்கு மூக்கை இடிச்சுக்கறாங்க? பார்க்க வர்றவர் அந்த மொழிக்காரர். கேலி பண்றோம்னு நினைச்சுக்குவார். கையை நிறுத்துங்க சார். முடியலைன்னா நாடகமே வேண்டாம்."

அவர் பிள்ளைகளிடம் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னார். அணில் பாதி வசனம் சொல்லி, சரியாக அந்த இடத்தில் நின்றுபோனாள். அவர் எடுத்துக் கொடுத்தும் வரவில்லை. முயலுக்கும் அதே கதி.

"கை மூக்குக்குப் போனாத்தான் மாமா மீதி வரும்" என்ற அணிலுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் நேரே ஹெச்.எம். அறைக்குப் போனார்.

"அது நாடகத்துல இல்லீங்க. அவ கண்ணாடி லூசா இருந்தது. நாந்தான் சரி பண்ணித் தரலை. பசங்க அதையும் சேர்த்துப் படிச்சுட்டாங்க. இப்ப அதைப் பிரிச்சா எல்லாமே போயிடும்."

"கை இருக்கட்டும் சார்" என்றார் ஹெச்.எம். அம்மா.

நாடகத்தன்று அவர் திரைக்குப் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, எலிக்கு ஒரு தடவை, யானைக்கு இரண்டு தடவை எடுத்துக் கொடுத்தார். கடைசியில் குண்டூசி கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மூக்கை ஒரு தள்ளு தள்ளி, அவர் கேட்டேயிராத அந்த வசனத்தைத் தடுமாறாமல் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினான். அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் யாரையும் கேட்கவில்லை.

வந்திருந்த மொழிக்காரருக்கு நம் பேச்சும் கொஞ்சம் தெரியும். அணிலைக் கூப்பிட்டு, "வசனம் ரொம்ப நல்லா இருந்தது. மூக்கில கை, அது என்ன?" என்று கேட்டார்.

"அதுவும் வசனந்தான் சார்" என்றாள் அணில்.

கண்ணாடி இப்போது கடை மேசையின் இழுப்பறையில், சின்ன ஸ்க்ரூ டிரைவர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. போட்டுக்கொண்டு குனிந்தால் இன்றைக்கும் மூக்கை விட்டு ஓடும்.