நாற்பத்தொரு ஒருவேளைகள்

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். செய்த கம்பெனி மூடிப்போய், எழுதியவர்கள் ஆளுக்கொரு திசையில் போய், மூல நிரல் எங்கே என்று கேட்டால் எல்லோரும் கையை விரிக்கிற பழைய மென்பொருள்களைப் பிரித்துப் பார்ப்பது அவள் வேலை. பிரிக்கும் கருவி மென்பொருளுக்குள் இருக்கும் கட்டளைகளைத் துண்டு துண்டாகத் திரையில் கொட்டும். ஒவ்வொரு துண்டுக்கும் வெறும் எண்தான் இருக்கும். வரி வரியாகப் படித்து, இது விளக்கை எரிய வைக்கிறது, இது மணியடிக்கிறது என்று கண்டுபிடித்து, எண்ணை அழித்துவிட்டு மனிதருக்குப் புரியும் பெயராக வைக்க வேண்டும்.

அதில் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கடைசி வரி வரை படித்தால்தான் வெறும் பெயர் வைக்கலாம். பாதி படித்து ஊகித்தது என்றால் பெயருக்கு முன்னால் 'ஒருவேளை' என்று சேர்க்க வேண்டும். ஒருவேளை_மணியடி. ஒருவேளை_விளக்கு. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் நாணயமான வழக்கம்.

பிறகு மேலாளர் அந்தக் கருவியோடு ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளரை இணைத்தார். யார் என்ன கேட்டாலும் அதுவே கருவியைத் திறந்து, தேடி, அழகான பத்திகளாகப் பதில் எழுதித் தரும். அவர் அதைத் தலையில் தூக்கிவைத்து ஆடிய ஆட்டத்தைப் பார்த்து ஊழியர்கள் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் சூட்டினார்கள். மாப்பிள்ளை வந்த மூன்றாம் மாதம், கட்டளைகளைப் படிக்கத் தெரிந்த மற்ற இரண்டு பேரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பூதக்கண்ணாடி மட்டும் மிஞ்சினாள்.

இந்த நேரத்தில்தான் அவள் அண்ணிக்கு அந்த இடி விழுந்தது. அண்ணி பதினெட்டு வருட நர்ஸ். அவள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நோயாளிக்கு, மருந்து செலுத்தும் பம்ப் அளவுக்கு மேல் மருந்தை ஏற்றிவிட்டது. மூன்றாம் நாள் அந்த மனிதர் இறந்துபோனார். அளவைத் தப்பாக அழுத்தியது நர்ஸ்தான் என்றது மருத்துவமனை நிர்வாகம். "நான் ரெண்டுதான் போட்டேன். அவரைத் திருப்பிப் படுக்க வைக்க நடுவுல ஒரு தடவை நிறுத்தினேன், மறுபடி ஓட்டினேன், அவ்வளவுதான்" என்று அண்ணி சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தப்பு யாருடையது என்று பார்த்துச் சொல்ல விசாரணைக் குழு பம்பின் மென்பொருளை இந்த அலுவலகத்துக்கே அனுப்பியது. பம்பின் மேல் தப்பில்லை என்றால் அண்ணியின் உரிமம் ரத்து.

"நீங்க இதைத் தொடாதீங்கம்மா. சொந்தக்காரங்க. மாப்பிள்ளை பாத்துக்கும், அதுக்கு அண்ணியும் கிடையாது, தம்பியும் கிடையாது" என்றார் மேலாளர். "மூணு வருஷம் முன்னாடி இதே பம்பை நீங்க பிரிச்சு பேர் வச்ச ஃபைல் இருக்கே, அதையே குடுத்துடறேன்."

அவளுக்கு அது நியாயமாகவே பட்டது. தன் கோப்பு என்றதும் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் மூன்று பக்க அறிக்கை வந்தது. 'அளவு மீறினால் பம்பை நிறுத்தும் பகுதி மென்பொருளில் உள்ளது. ஆகவே இது கையாண்டவரின் பிழை.' படித்த கையோடு அவள், நிறுத்தும் என்று எப்படித் தெரியும் என்று உதவியாளரிடமே கேட்டாள்.

'அந்தப் பகுதியின் பெயர் அளவு_மீறினால்_நிறுத்து. பெயரை வைத்துத்தான் சொன்னேன். உள்ளே உள்ள கட்டளைகளைச் சரிபார்க்கவில்லை. பார்க்கட்டுமா?'

கேட்டிருந்தால் நேற்றே சொல்லியிருக்கும். கேட்க வேண்டும் என்று தெரிந்த ஆள் அந்த அறையில் இல்லை.

பெயர் வைத்தது அவள்தான். அவளுக்கு நன்றாக நினைவு வந்தது. மூன்று வருடம் முன்பு கோப்பை ஒப்படைக்கும் நாளில் வாடிக்கையாளர் முகம் சுளித்தார். "எங்க பாத்தாலும் ஒருவேளை ஒருவேளைன்னு இருக்கே, இது என்ன ஜோசியமா?" மேலாளர் அவளைப் பார்த்து, "எடுத்துடுங்கம்மா" என்றார். மொத்தம் நாற்பத்தொரு ஒருவேளைகள், இதுவும் அதில் ஒன்று. ஒரே கட்டளையில் அத்தனையும் போயின. அடுத்த வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துவிடலாம் என்று நினைத்தாள். அடுத்த வாரம் வேறு வேலை வந்தது.

இப்போது, உதவியாளரிடம் விடாமல், தானே படித்தாள். அறுபத்திரண்டு வரிகள்தான். நடுவில் நிறுத்தி மறுபடி ஓட்டினால் பம்ப் முந்தைய நோயாளியின் அளவுக்குத் தாவுகிறது. அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய பகுதி எதையும் நிறுத்தவில்லை. அளவு மீறியதை நினைவகத்தில் குறித்துக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறது. அண்ணி சொன்னது அத்தனையும் உண்மை.

படித்து முடித்ததும் பெயரை மாற்றுவது அவளுடைய கைப்பழக்கம். அளவு_மீறினால்_குறி என்று மாற்றினாள். அந்தப் பழக்கம்தான் அவள் குடியைக் கெடுத்தது. உதவியாளர் மறுபடியும் பெயரை வைத்தே உடனே புது அறிக்கை தந்தது: 'பம்ப் நிறுத்துவதில்லை. இது இயந்திரத்தின் பிழை.' அதைத் தூக்கிக்கொண்டு மேலாளரிடம் ஓடினாள்.

அவர் இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். "காலையிலயே குழுவுக்கு ஒண்ணை அனுப்பியாச்சு. இப்ப நீங்க பேரை மாத்தினீங்க, அது பேச்சை மாத்துது. யார் எப்ப மாத்தினாங்கன்னு கருவியில பதிஞ்சிருக்கு. அண்ணியைக் காப்பாத்த நாத்தனார் ஃபைலைத் திருத்திட்டான்னுதான் குழு சொல்லும்."

"பேரை விடுங்க சார். உள்ள இருக்கிற வரிகளைப் படிக்கச் சொல்லுங்க. அறுபத்திரண்டு வரிதான்."

"யாரைப் படிக்கச் சொல்றது? மாப்பிள்ளை படிச்சாலும், நீங்க தொட்ட ஃபைல்தானேம்பாங்க."

 அனுப்பிவிட்ட இருவரையும் கூப்பிடலாமே என்றாள். அவர்கள் இப்போது நம் ஆட்கள் இல்லை, அவர்கள் கையெழுத்து செல்லாது என்றார். "அந்த ஒருவேளைகளை எடுக்கச் சொன்னதே நீங்கதானே சார்" என்றாள். "எழுத்துல இருக்கா?" என்றார் அவர், கொஞ்சமும் கோபப்படாமல். அவர் கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

குழுவுக்கு அவளே எழுதினாள், தன் தப்பையும் சேர்த்து, ஒளிவுமறைவில்லாமல். உறவினரின் விளக்கம் ஏற்கப்படாது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்த வாரமே அண்ணியின் உரிமம் போயிற்று.

அவள் போனபோது அண்ணி திருப்பிக் கொடுக்க வேண்டிய சீருடைகளை மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அண்ணி அழவில்லை.

"படிக்காமயே பேர் வச்சியா?"

"முன்னாடி ஒருவேளைன்னு போட்டிருந்தேன் அண்ணி. எடுக்கச் சொன்னாங்க, எடுத்துட்டேன்."

"ஊசியில மருந்தை ஏத்தி அது மேல பேர் எழுதி ஒட்டறதுக்கு முன்னாடி, பாட்டிலை மூணு தடவை படிப்பேன். பதினெட்டு வருஷமா. ஒரே ஒரு தடவை படிக்காம ஒட்டியிருந்தா, என்னை நீ என்னன்னு சொல்லியிருப்ப?"

அண்ணி அடுத்த சீருடையை எடுத்து மடித்தாள். 

"அந்த பம்ப் இப்ப எங்க இருக்கு?"

"வார்டுக்கே திருப்பி அனுப்பிட்டாங்க."

அண்ணி மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு வார்டுக்குப் போன் செய்தாள். "நடுவுல நிறுத்தாதீங்க, நிறுத்தினா அளவை மறுபடி பாருங்க" என்பதற்குள், "அக்கா, உங்ககூடப் பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்று மறுமுனையில் வைத்துவிட்டார்கள். அண்ணி போனைக் கையிலேயே பிடித்தபடி நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"நாற்பத்தொண்ணுல ஒண்ணைப் படிச்சிட்ட. மீதி நாற்பது?"

பூதக்கண்ணாடி படித்திருக்கவில்லை. அண்ணியின் வேலை, தன் மானம் என்றே இத்தனை நாளும் ஓடிக்கொண்டிருந்தவளுக்கு, அந்த நாற்பதும் வார்டில் இருக்கும் அதே பம்புக்குள்தான் இருக்கின்றன என்பது தோன்றக்கூட இல்லை.