முதலில் ஜிஜி அடித்தவன்

சோக் மின்-கியுவுக்கு இருபத்தைந்து வயதான வாரத்தில் அவன் விரல்கள் உலகத்தைவிட மூன்று நொடி முந்திக்கொண்டன. அந்த வயதில் கணினி விளையாட்டுக்காரர்களுக்கு விரல் மந்தமாகும், அணி வேறு ஆள் தேடும். பூசான் நகரத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. முந்திப்போன விரலைத்தான் யாரும் கண்டதில்லை. அணி மருத்துவர் இரண்டு கருவிகளில் அளந்து பார்த்து, சைபருக்குக் கீழே மூன்று என்று எழுதி, கையைச் சூடாக வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார். எதிராளி வரும் இடத்தில் அவன் படை முன்கூட்டியே போய்க் காத்திருந்தது. அந்தப் பருவம் முழுக்க அவன் தோற்கவே இல்லை.

குவாங்கல்லி கடற்கரையில் இறுதி ஆட்டம். தோற்பவர் ஜிஜி, அதாவது நல்ல ஆட்டம், என்று தட்டி ஒப்புக்கொள்வார். ஜெயித்தவர் அதையே பதிலுக்குத் தட்டுவார். யார் முதலில் தட்டினாலும் அவர் தோற்றவர் என்பது விதி. எதிரே உட்கார்ந்திருந்த பியோ தே-இல் மொத்தக் கோட்டையையும் இழந்து நின்றபோது, மின்-கியுவின் பாழாய்ப்போன விரல்கள் இன்னும் வராத ஜிஜிக்குப் பதில் ஜிஜி அடித்துவிட்டன. நடுவர் விசில் ஊதினார். தே-இல்லின் திரையில் பாதி அடித்த ஒரு ஜி மட்டும் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. கோப்பை அவனுக்குப் போனது. மின்-கியுவை அணி வீட்டுக்கு அனுப்பியது.

அக்கா ஊன்-சில், கடற்பாசித் தாளில் சோற்றை உருட்டி விற்கும் கிம்பாப் கடை வைத்திருந்தாள். "சூசோக் பண்டிகை வரைக்கும் வேலை தேடு. கிடைக்கலன்னா பேசாம வந்து கிம்பாப் உருட்டு" என்று சொல்லிவிட்டாள். விளையாட்டை விட்டால் மூச்சு விட முடியாது அவனுக்கு. பயிற்சியாளராகப் போனான்; அதற்குள் வாய்க்கும் அது தொற்றிவிட்டதால், செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கிய வீரர்கள், திட்டியாகிவிட்டதே என்று அந்தத் தப்பைச் செய்தார்கள். புது விளையாட்டுகளைச் சோதிக்கும் வேலையில் இன்னும் முளைக்காத கோளாறுகளை எழுதிக்கொடுத்தான். நேரலையில் ஆடிக் காட்டினான்; கேள்விக்கு முன்பே பதில் வந்து பார்வையாளர்கள் குழம்பினார்கள். பண்டிகை வந்தது. கடையில், வாடிக்கையாளர் வாய் திறக்குமுன் அவர் கேட்கப்போகும் கிம்பாப் தட்டில் இருந்தது. கூட்டம் அலைமோதியது. ஆனால் வெங்காயத்தை எடுக்குமுன்பே அவன் கண் கலங்கியது. அது வெங்காயத்தால் இல்லை என்று அக்காவுக்குத் தெரியும்.

ஒரு மதியம் தே-இல் கோப்பையோடு வந்து நின்றான்.

"மாட்டேன், எடுத்துட்டுப் போடா" என்றான் மின்-கியு.

மூன்று நொடி கழித்து, "இத வச்சுக்கங்கண்ணே" என்றான் தே-இல்.

"ரெண்டு பேரும் சண்டைய வெளிய வச்சுக்கங்க. நல்ல பாத்திரம், குடு இப்படி" என்று ஊன்-சில் கோப்பையைப் பிடுங்கி, அதில் சாப்ஸ்டிக்குகளைப் போட்டு வைத்தாள்.

தே-இல் போகும்போது அவனையும் கையோடு இழுத்துப் போனான். துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு குட்டி விளையாட்டு அலைவரிசை இருந்தது. தொடங்கிய நாளிலிருந்து அங்கே படம் முதலில் வரும், சத்தம் மூன்று நொடி கழித்து வரும். ஏழு பொறியாளர்கள் பார்த்துவிட்டுக் கும்பிடு போட்டுப் போய்விட்டார்கள். கோட்டை எரிந்து சாம்பலான பிறகுதான் வர்ணனையாளர் "ஐயோ தீ!" என்பார். மின்-கியுவை ஒலிவாங்கிக்கு முன் உட்காரவைத்தார்கள். தீ பிடிக்குமுன் அவன் கத்தினான். வீடுகளில் தீயும் கத்தலும் ஒன்றாக வந்து சேர்ந்தன. தென்கடற்கரை முழுக்க ஜனங்கள் எழுந்து நின்றார்கள். அன்றே வேலை நிச்சயமானது. எட்டாவது பொறியாளர் வந்தபோது காபி கொடுத்து வாசலோடு அனுப்பிவிட்டார்கள்.

நான்கு வருடம் கழித்து, ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற தே-இல் அந்த நிகழ்ச்சிக்கு விருந்தாளியாக வந்தான். அன்று பாதியில் நின்றுபோய் நெஞ்சில் சுமந்துவந்த ஜிஜியை இறக்கிவைக்க வாயெடுத்தான். அதற்குள் மின்-கியு சிரித்துக்கொண்டே "ஜிஜிடா தம்பி" என்று சொல்லிவிட்டான்.

"ஜிஜி அண்ணே" என்றான் தே-இல், மூன்று நொடி தாமதமாக.

கடையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த ஊன்-சில் துள்ளி எழுந்தாள். "பாத்தீங்களா, மறுபடியும் என் தம்பிதான் முதல்ல சொன்னான்! மறுபடியும் தோத்துட்டான்!" என்று கத்தினாள். கடை முழுக்கக் கைதட்டியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோப்பையிலிருந்து ஆளுக்கொரு ஜோடி சாப்ஸ்டிக் எடுத்துக் கொடுத்தாள்.